வாசி

"அங்கிள், ஒரே எடை, ஒரே மாற்று, ஒரே வருஷம், ஒரே நாணயச்சாலை. ரெண்டு தங்கக் காசு. ஒண்ணுல கடவுள் பேர் இருக்கு, இன்னொண்ணுல இல்லை. எதுக்கு விலை ஜாஸ்தி?"

கேட்டவன் என் பெரிய பெண்ணோடு கல்லூரியில் படித்தவன். பத்து வருஷம் கலிபோர்னியாவில் இருந்துவிட்டு இப்போது பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறான். பழைய அமெரிக்கத் தங்க நாணயங்கள் சேர்ப்பது அவனுக்குப் பைத்தியம். நான் பத்தர் வீட்டுப் பிள்ளை, நகரத்பேட்டையில் முப்பத்தைந்து வருஷம் பட்டறை வைத்திருந்தவன் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூருக்கு வந்து என்னிடம் காட்டுவான். காப்பி குடிப்பான், போய்விடுவான்.

"பேர் இருக்கறதுக்குத்தான்" என்றேன். இது ஒரு கேள்வியா என்கிற தோரணையில்.

சிரித்தான். "இல்லை அங்கிள். இல்லாததுக்குத்தான். பல மடங்கு."

அந்தச் சிரிப்பு ஒரு மாதமாக என்னை விடவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அவன் சொன்ன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்த நவம்பரில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வாட்கின்சன் என்ற பாதிரியார் நிதியமைச்சர் சேஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த நாடே சிதறிப்போய், பல நூற்றாண்டு கழித்து யாராவது நம் நாணயங்களைத் தோண்டி எடுத்தால், நாம் கடவுள் இல்லாத கூட்டம் என்றல்லவா நினைப்பார்கள் என்பது அவர் கவலை. சேஸுக்கு அது மனதில் தைத்தது. ஒரே வாரத்தில் நாணயச்சாலைத் தலைவருக்கு உத்தரவு போனது. 1864இல் இரண்டு சென்ட் காசில் 'கடவுளையே நம்புகிறோம்' என்ற வாசகம் முதன்முதலாக ஏறியது. அடுத்த வருஷச் சட்டம் அதைத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நீட்டித்தது. 1866இலிருந்து இருபது டாலர் தங்க நாணயத்தின் பின்பக்கம், கழுகின் தலைக்கு மேலே, நட்சத்திர வளையத்துக்குள் அந்தச் சொற்கள் உட்கார்ந்தன.

ஆனால் அச்சுகளைச் செய்வது பிலடெல்பியாவில். சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலை கண்டத்தின் இன்னொரு கரையில். இரண்டு கரையையும் சேர்த்த ரயில் 1869இல்தான் வந்தது. 1866 தொடக்கத்தில் புது அச்சு வந்து சேராததால் அங்கிருந்தவர்கள் கையிலிருந்த பழைய அச்சை வைத்தே அடித்தார்கள். சுமார் 12,000 நாணயம். புது அச்சு வந்த பிறகு அதே வருஷத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்தப் பன்னிரண்டாயிரத்தில் மிஞ்சியதை. கடவுள் வந்து சேரத் தாமதமானதற்கு விலை.

என்னைத் தொந்தரவு செய்தது இந்த வேடிக்கை இல்லை. இருபது டாலர் தங்க நாணயம் ஒன்று ஒரு தடவை என் கைக்கு வந்திருக்கிறது. அதில் கழுகுக்கு மேலே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

---

என் அப்பா உரைகல்லை சாமி அலமாரியில்தான் வைப்பார். கறுப்புக் கல், உள்ளங்கை அகலம், விளிம்பெல்லாம் மழுங்கியது. தங்கத்தை அதில் ஒரு இழுப்பு இழுப்பார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த துண்டால் இன்னொரு இழுப்பு. இரண்டு கோட்டிலும் ஆசிட்டைத் தொட்டு வைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு தடவை, எட்டு ஒன்பது வயதிருக்கும், மஹாலக்ஷ்மி உருவம் போட்ட காசு ஒன்றை அப்படி அவர் இழுத்தபோது, "சாமியைப் போய் உரசறியே, தப்பில்லையா?" என்று கேட்டேன்.

"கல்லுக்கு எழுத்து தெரியாதுடா, முகமும் தெரியாது. அதனாலதான் அது பொய் சொல்றதில்லை" என்றார்.

அதே அப்பா 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது உடைந்துபோனார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று சட்டம். பத்தரை மாற்றுத் தங்கத்தில் கை பழகியவனிடம் கிட்டத்தட்ட பாதி செம்பு கலந்து செய் என்றால் என்ன செய்வான்? இரண்டு வருஷம் சிட்டி மார்க்கெட்டில் ஒரு பூ மண்டியில் கணக்கு எழுதினார். 14 காரட் விதி 1966இல் போனது. 1968இல் வேறு சட்டமாக வந்த கட்டுப்பாடு முழுசாக ஒழிந்தது 1990இல். அதற்குள் அப்பாவும் போய்விட்டார். கல் என்னிடம் வந்தது.

1992இல், கரகத் திருவிழா முடிந்த வாரம், கூக் டவுனிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் பட்டறைக்கு வந்தார். பெண் பெர்த்தில் இருக்கிறாள், பிரசவம், போகவேண்டும், டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும் என்றார். கைக்குட்டையை அவிழ்த்து ஒரு காசை வைத்தார். அவர் கணவருடைய கொள்ளுத்தாத்தா, கோலார் தங்கவயலில் சுரங்கக் கேப்டனாக இருந்தவர், கொண்டுவந்ததாம்.

அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் லவேல் ரோடு யார் பெயரில் இருக்கிறது? மைக்கேல் லவேல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் 1870களில் மைசூர் அரசிடம் கோலாரில் தோண்ட உரிமை வாங்கினார். 1880இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. கூடவே இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள். சொந்த ஊரில் செம்புக்கும் தகரத்துக்கும் விலை விழுந்ததால் உலகத்தில் எங்கே குழி தோண்டினாலும் போனவர்கள் அவர்கள். கலிபோர்னியாவின் கிராஸ் வேலிக்கும் போனார்கள், கோலாருக்கும் வந்தார்கள். வடாற்காட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அவர்களுக்குக் கீழே, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். என் தாய்மாமன் ஒருவர் சாம்பியன் ரீஃபில் இருபது வருஷம் இறங்கி ஏறியவர். ஒரு தங்கவயலில் சம்பாதித்த காசு இன்னொரு தங்கவயலுக்குச் சட்டைப்பையில் வந்தது. அவ்வளவுதான்.

தராசில் வைத்தேன். 33 கிராமும் சொச்சமும். விளிம்பில் ஒரு பல்லை அரத்தால் லேசாக எடுத்துவிட்டு, அந்த இடத்தால் கல்லில் இழுத்தேன். கோடு கொஞ்சம் சிவந்து விழுந்தது. பத்துக்கு ஒன்பது பங்கு தங்கம், மீதி செம்பு. 22 காரட்டுக்கு ஒரு நூல் கீழே. அன்றைய விலையை அந்த அம்மாள் கண்ணெதிரே போன் செய்து கேட்டு, கணக்குப் போட்டு, ஒரு பைசா பிடிக்காமல் கொடுத்தேன். "காட் ப்ளெஸ் யூ, மேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உளியால் அதை இரண்டாகப் பிளந்தேன். மூசையில் போட்டு வெண்காரம் தூவினேன். 22 காரட்டுக்கு ஏற்ற, ஆறு கிராமுக்குக் கொஞ்சம் மேல் சுத்தத் தங்கம் சேர்க்கவேண்டியிருந்தது. ஐந்து பவுனுக்குச் சற்று முன்பின். ஒரு கல்யாணத்துக்கு நாலு வளையல் ஆயிற்று.

அந்தக் காசில் எனக்கு நினைவிருப்பது இவைதான்: கிரீடம் வைத்த பெண் தலை, பின்னால் ஒரு கழுகு, கோட்டின் சிவப்பு, எடை. மூசையின் ஓரத்தில் அந்தப் பெண்ணின் பாதி முகம் கடைசியாக மூழ்கியது. வருஷம் பார்க்கவில்லை. கழுகுக்கு மேலே எழுத்து இருந்ததா என்று பார்க்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். இருந்தும் படிக்கவில்லை.

---

அது அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அந்தப் பையன் சமாதானம் சொல்கிறான். சரிதான். ஆனால் என் குழப்பம் அந்தக் கணக்கில் இல்லை. கடவுள் பெயர் எழுதிய ஒரு பொருளை நான் பிளந்து உருக்கினேனா, எழுதாத பொருளையா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? உண்டென்றால் எங்கே இருக்கிறது?

தங்கத்தில் இல்லை. கல்லில் இரண்டும் ஒரே கோடு போடும். சந்தையில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. அதுவும் கடவுளுக்காக இல்லை, எண்ணிக்கைக்காக. எட்டு லட்சத்தில் பெயர் விட்டுப்போய், பன்னிரண்டாயிரத்தில் மட்டும் எழுதியிருந்தால் விலை அப்படியே திரும்பியிருக்கும். ஆக என் தராசும் அந்தப் பெயரை நிறுக்கவில்லை, ஏலக்காரன் தராசும் நிறுக்கவில்லை.

இந்தக் கேள்வியில் அமெரிக்கர்களே இரண்டுபட்டிருக்கிறார்கள். 1907இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், செயின்ட் கோடன்ஸ் என்ற சிற்பியைக் கொண்டு தங்க நாணயங்களைப் புதிதாக வடிக்கச் செய்தபோது அந்த வாசகத்தை விட்டுவிட்டார். நாடே கூச்சல் போட்டது. காசில் கடவுள் பெயரைப் போடுவதால் நன்மை ஒன்றுமில்லை, தீமைதான். அது தெய்வ நிந்தனைக்குப் பக்கத்தில் போகிறது என்று அவர் பதில் எழுதினார். தெருவில் அதை வைத்து ஜோக் அடிக்கிறார்கள், யாரும் பக்தியோடு பார்ப்பதில்லை என்பது அவர் வாதம். காங்கிரஸ் கேட்கவில்லை. 1908இல் சட்டம் போட்டு வாசகத்தைத் திரும்ப ஏற்றிவிட்டது. வாட்கின்சனும் பக்தியால் பேசினார், ரூஸ்வெல்ட்டும் பக்தியால்தான் பேசினார். ஒருவருக்குப் பெயர் இல்லாவிட்டால் அவமானம், மற்றவருக்கு இருந்தால் அவமானம்.

இஸ்லாம் இதற்கு முன்பே ஒரு வழி கண்டது. கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், அதாவது 696-97இல், தீனாரிலிருந்து உருவங்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் எழுத்தை வைத்தார். முகம் வேண்டாம், சொல் போதும்.

எங்கள் ஊர்ப்பக்கம் வேறு மாதிரி. ஹைதர் அலி 1763இல் இக்கேரி நாயக்கர்களின் பெத்னூரைப் பிடித்தார். அந்த நாயக்கர்களின் தங்க வராகனில் சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருப்பார்கள். ஹைதர் அதை மாற்றவில்லை. தன் வராகனிலும் அந்த உமாமகேசுவரரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பாரசீக லிபியில் அடித்தார். மகன் திப்பு உருவத்தை எடுத்தார். திப்புவுக்குப் பின் வந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் திரும்பக் கொண்டுவந்தார். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிறிஸ்தவத் துரைகள் பெருமாளும் இரண்டு நாச்சியாருமாக 'மூன்று சாமி வராகன்' அடித்துத் தள்ளினார்கள். பக்தியாலா? பழகிய முகம் இல்லாவிட்டால் காசு மாற்றுகிற சராப்பு வட்டம் பிடிப்பான் என்பதால். ஹைதரின் வராகனை நான் இரண்டு தடவை கையில் எடுத்திருக்கிறேன். மூன்றரை கிராம்கூட இல்லாத பொட்டு. அதற்குள் மானும் மழுவும் தெரியாது. தெரிந்தவனுக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. பட்டறையில் சாமிக்கு வெள்ளிக் கவசம் அடிப்போம். தகட்டைக் குதிகாலால் மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் அடிக்கமுடியும். மூக்கைத் தட்டி எழுப்ப அரக்கில் முகத்தைக் குப்புறக் கவிழ்ப்போம். ஒருநாள் அதைக் கோவிலில் கொடுத்துவிட்டு வருவோம். மறுநாள் அதே முகத்துக்கு முன்னால் வரிசையில் நின்று கும்பிடுவோம். யாருக்கும் கூச்சம் வந்ததில்லை. வெள்ளி அதேதான், உருவமும் அதேதான். நடுவில் ஒன்று நடந்திருக்கிறது. அது பொருளில் நடக்கவில்லை.

---

பையன் அன்றைக்குக் கொண்டுவந்தது 1876, சான்பிரான்சிஸ்கோ. எழுத்து உள்ளது. தீப்பெட்டியைவிடப் பெரிய பிளாஸ்டிக் வில்லைக்குள் அடைத்து, மேலே தர எண் ஒட்டியிருந்தது. எழுபதுக்கு அறுபத்திரண்டாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுகு, வளையம், நட்சத்திரம், எழுத்து. பெண்ணின் கன்னத்தில் பையில் ஒன்றோடொன்று மோதிய சின்னச் சின்னத் தழும்புகள். "வெளியே எடுக்கலாமா?" என்று கேட்டேன். "உடைச்சா தரம் போயிடும் அங்கிள்" என்றான். அறுபது வருஷமாகத் தங்கத்தைத் தொட்டவன், தங்கத்தைத் தொடாமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவன் வீட்டில் வரலக்ஷ்மி நோன்பன்று ஒரு சண்டை. கலசத்துக்குள் ஒரு தங்கக் காசு போடவேண்டும். இவ்வளவு பெரிய காசு வீட்டில் இருக்கும்போது எதற்குச் சின்னது என்று மனைவி கேட்டிருக்கிறாள். வில்லையை உடைக்கமாட்டேன் என்று இவன் அடம். கடைசியில் வில்லையைக் கலசத்தில் சாய்த்து வைத்துப் பூஜை செய்தார்களாம். "உனக்கு இது சாமியா, காசா?" என்று அவள் கேட்டதற்கு இவனிடம் பதில் இல்லை. கடவுளை நம்புகிறோம் என்று எழுதிய காசு கடவுளின் கலசத்துக்குள் போகமுடியவில்லை.

ராமகிருஷ்ணர் ஒரு கையில் காசையும் ஒரு கையில் மண்ணையும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றே என்று சொல்லிச் சொல்லி இரண்டையும் கங்கையில் எறிந்தார் என்று படித்திருக்கிறோம். அதற்கு அடுத்த வரியை யாரும் சொல்வதில்லை. எறிந்த பிறகு அவருக்குப் பயம் வந்துவிட்டது. லக்ஷ்மி கோபித்துக்கொண்டு சோற்றை நிறுத்திவிட்டால்? நீ என் இதயத்திலேயே இரு தாயே என்று வேண்டிக்கொண்டாராம். எறியத் தெரிந்தவருக்கும் எறிந்தது வெறும் மண் இல்லை என்று தெரிந்திருக்கிறது.

பற்று தவறு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் 1933 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். இன்னொரு ரூஸ்வெல்ட், ஃபிராங்க்ளின், நாட்டு ஜனங்கள் தங்க நாணயங்களை அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்று ஆணை போட்டார். வந்ததை எல்லாம் உருக்கிப் பாளமாக்கினார்கள். நான் செய்ததையே ஒரு தேசம் செய்தது. அந்த ஆணையில் ஒரு விலக்கு இருந்தது: சேகரிப்பவர்களுக்கு விசேஷ மதிப்புள்ள அரிய நாணயங்களைக் கொடுக்கவேண்டாம். பற்றில்லாமல் கொடுத்தவனின் காசு பாளத்துக்குள் போயிற்று. பற்று வைத்து ஒளித்தவனின் காசிலும், ஐரோப்பிய வங்கிப் பெட்டகங்களில் மறந்துபோன காசிலும்தான் இன்றைக்கு அந்த எழுத்து படிக்கக் கிடைக்கிறது. வாட்கின்சன் கவலைப்பட்டாரே, பல நூற்றாண்டு கழித்துத் தோண்டுகிறவன் என்ன நினைப்பானோ என்று? அவருடைய கடவுளைக் காப்பாற்றி வைத்திருப்பது பக்தர்கள் இல்லை, இந்தச் சேகரிப்புப் பைத்தியங்கள்.

---

இவ்வளவு சுற்றிவிட்டு எனக்குக் கடைசியில் கைகொடுத்தவர்கள் நம் நாயன்மார்கள். காசைப் பற்றி அவர்களைப்போலக் கறாராக இருந்த சாமியார்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சுந்தரர் திருமுதுகுன்றத்தில் சிவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு அதில்தான் வந்தது. ஆற்றில் போடுவதற்கு முன் ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரிக்கு, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் வந்ததை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. கடவுள் கொடுத்தது என்று விடவில்லை. கேட்டார், சரியான மாற்றில் வாங்கினார். கமலாலயக் கரையில் இன்றைக்கும் மாற்றுரைத்த விநாயகர் இருக்கிறார். எங்கள் அப்பாவுக்கு உலகத்திலேயே பிடித்த சாமி அவர்தான். நம்ம தொழில்காரர் என்பார்.

இன்னொரு கதை திருவீழிமிழலையில். பஞ்ச காலம். அப்பரும் சம்பந்தரும் அடியார்களுக்குச் சோறு போட, சிவன் நாளுக்கு ஒரு காசு பீடத்தில் வைக்கிறார். மேற்கே அப்பருக்கு, கிழக்கே சம்பந்தருக்கு. அப்பர் மடத்தில் நேரத்தோடு சாப்பாடு ஆகிவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்கிறார்கள். வாசி என்றால் மதிப்பில் கழிவு. இரண்டும் ஒரே கடவுள் கொடுத்த காசு. ஒன்றில் மட்டும் ஏன் வாசி? அப்பர் தினமும் உழவாரம் பிடித்துக் கோவில் பிராகாரத்தில் புல் செதுக்குகிறவர், உடம்பால் உழைத்துப் பெறுகிறார், அதனால் வாசியில்லை என்று பதில். சம்பந்தர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசி இல்லாத காசு கொடு என்று பாடிக் கேட்டார். கிடைத்தது.

இந்தக் கதையில் கடவுள் பெயரைக் காசில் எழுதவேண்டிய அவசியமே இல்லை. அவர் கையாலேயே வைத்த காசு. அப்படிப்பட்ட காசுக்கே வாசி வரும் என்றால், வாசி காசில் இல்லை. வாங்குகிற கையில் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் 1992 விளங்கியது. அந்த அம்மாளுக்கு நான் எடையில் குறைக்கவில்லை, மாற்றில் ஏமாற்றவில்லை, விலையில் பிடிக்கவில்லை. என் கல் பொய் சொல்லவில்லை. ஆனால் கல்லுக்கு எழுத்து தெரியாது என்பது கல்லுக்குச் சொன்னது. எனக்குச் சொன்னதில்லை. அப்பா கல்லிடம் கேட்டது மாற்று ஒன்றைத்தான். மற்றதைப் பார்ப்பதற்கு அவருக்குக் கண் இருந்தது. லக்ஷ்மிக் காசை உரசும் முன் எந்த முகம், எந்த ஊர் அடிப்பு என்று ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உரசுவார். நான் அந்த ஒரு நிமிஷத்தைக் கழித்துக்கொண்டேன். அதுதான் என் வாசி. அது யார் கணக்கிலும் ஏறாது, அதனாலேயே தீரவும் இல்லை.

ஆகவே பையனுடைய கேள்விக்கு என் பதில் இது. கடவுள் பெயர் எழுதியதால் காசு புனிதமாவதும் இல்லை, கடவுள் மலிவாவதும் இல்லை. வாட்கின்சனும் ரூஸ்வெல்ட்டும் இரண்டு பேருமே எழுத்துக்கு அதிக சக்தி கொடுத்துவிட்டார்கள். எழுத்து எதையும் செய்யாது. கையில் வாங்குகிறவன் பார்க்கிறானா என்று காத்துக்கொண்டிருக்கும். லட்சம் கைகள் அந்தக் காசைப் பார்க்காமலே கைமாற்றின. நானும் அதில் ஒரு கை. வில்லைக்குள் வைத்து ஞாயிறு தோறும் பார்க்கிற இந்தப் பையனை நான் இனிமேல் கேலி செய்யமாட்டேன். உழவாரம் பிடிப்பது மாதிரிதான் அவனும் ஒரு வேலை செய்கிறான்.

தமிழில் வாசி என்ற சொல்லுக்குக் கழிவு என்றும் பொருள், படி என்றும் பொருள். எங்கள் கன்னட ஊரில் வாசியாயிற்று என்றால் நோய் குணமாயிற்று என்று. மூன்றும் வேறு வேறு சொற்கள் என்று புலவர்கள் சொல்லலாம். சொல்லட்டும்.

உங்கள் வீட்டில், பாட்டியின் சுருக்குப்பையிலோ சாமி அறை டப்பாவிலோ, பழைய தங்கக் காசு ஒன்று இருக்கலாம். விக்டோரியா தலை போட்ட பவுனாக இருக்கலாம், வராகனாக இருக்கலாம், எங்கிருந்தோ வந்த கழுகுக் காசாக இருக்கலாம். விற்கிற அவசரம் வந்தால் விற்றுக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஆசிட் காட்டாதீர்கள். யாரையும் அரம் வைக்க விடாதீர்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஒரு பூதக்கண்ணாடி வைத்து, முதலில் வாசியுங்கள்.